காலையில் மடங்காத விரல்கள்

பொன்னமராவதிச் சந்தைப்பேட்டைக்குப் பின்னால் இருந்த ஓட்டு வீடுகளில் ஒன்று வளையல்காரர் ரெங்கராஜுடையது. வாரத்தில் ஐந்து நாள், தோளின் இருபுறமும் கண்ணாடி வளையல் சரங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒரு நாள் காரையூர்ப் பக்கம், ஒரு நாள் அரசமலைப் பக்கம், இன்னொரு நாள் ஒலியமங்கலம். ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கிற ஊர்களுக்கெல்லாம் நடைதான். புதுக்கோட்டை சமஸ்தானத்தின் அந்த மேற்குக் கோடியில் அவர் வளையல் போடாத கையே இல்லை என்று சொல்வார்கள்.

அளவு பார்க்க அவருக்கு எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பெண் முற்றத்தில் உட்கார்ந்து கையை நீட்டும்போதே "ரெண்டே கால்", "ரெண்டரை" என்று சரத்தைப் பிரித்துவிடுவார். நான்கு விரல்களையும் ஒன்றாகக் குவித்து, கட்டைவிரலின் அடிச்சதையை உள்ளே அழுத்தி, ஒரு மூச்சு விடுகிற நேரத்தில் வளையலை முட்டி எலும்புகளைத் தாண்ட வைத்துவிடுவார். வலித்தது என்று யாரும் சொன்னதில்லை. கையைப் பிடித்த மாத்திரத்தில் அது உலக்கை பிடிக்கிற கையா, நாற்றுப் பறிக்கிற கையா, பிள்ளை பெற்று இன்னும் நாற்பது நாள் ஆகாத கையா என்று சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அவர் மனைவி பிரகதாம்பாள். அந்தத் தொழிலில் பாதி அவள் கையில்தான் நடந்தது. மூட்டையாக வந்து இறங்கும் வளையல்களை நிறம் பார்த்து, அளவு பார்த்துப் பிரிப்பாள். டஜன் டஜனாக நூலில் கோத்து இறுக்கி முடிச்சுப் போடுவாள். அவள் போட்ட முடிச்சு, ரெங்கராஜ் வரப்பில் சறுக்கி விழுந்தாலும் அவிழாது. அவர்களுக்குப் பிள்ளையில்லை. விடியுமுன் எழுந்து வாசல் தெளித்து, பொதுக்கிணற்றில் நாலு குடம் தண்ணீர் எடுத்து, கஞ்சி காய்ச்சி, அவர் தோளில் சரங்களை ஏற்றிவிட்டுத்தான் அவள் உட்காருவாள்.

1935ஆம் வருஷம் ஐப்பசி மழை முடிந்த சமயத்தில் அந்த ஒழுங்கு கெட்டது. பிரகதாம்பாளுக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. சேவல் கூவியும் எழவில்லை. எழுந்தாலும் இரண்டு கைகளையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு அடுப்படியில் குந்தியிருந்தாள். குடம் நழுவிக் கிணற்று மேடையில் உருண்டது. கஞ்சி தாமதமானது. ரெங்கராஜ் கிளம்பத் தாமதமானது. வெயில் ஏறிய பிறகு காரையூருக்குப் போய்ச் சேர்ந்தால் பெண்கள் எல்லோரும் வயலுக்குப் போயிருப்பார்கள். வாசல்கள் பூட்டிக் கிடக்கும்.

"என்ன ஒனக்கு? வர வர உக்காந்தே இருக்கே?" என்று கேட்டார்.

"கை வெறச்சுப் போச்சுங்க. மடக்க முடியல."

"மழைக்காலம், அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தது. பங்குனி வெயிலும் வந்தது. காலை வேளை மட்டும் மாறவில்லை. ஆனால் வெயில் ஏறி உச்சிக்கு வருவதற்குள் பிரகதாம்பாள் பழையபடி ஆகிவிடுவாள். மாவு ஆட்டுவாள், துணி துவைப்பாள், வளையல் கோப்பாள். ரெங்கராஜ் சாயங்காலம் திரும்பும்போது வீடு பளிச்சென்று இருக்கும். அதுதான் அவருடைய சந்தேகத்துக்கு வழி வைத்தது. நோயாளி என்றால் நாள் முழுவதும் அல்லவா படுத்திருக்க வேண்டும்? காலையில் மட்டும் வந்து மத்தியானத்தில் போகிற நோய் எங்கேயாவது உண்டா?

ஒரு நாள் அரசமலை மாரியம்மன் கோயில் பக்கம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு சரத்தின் முடிச்சு அவிழ்ந்தது. பச்சையும் சிவப்புமாக மூன்று டஜன் வளையல்கள் பாறையில் விழுந்து சிதறின. கோயில் வாசலில் நின்ற பெண்கள் "அபசகுனம்" என்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். அன்றைக்கு அந்த ஊரில் ஒருத்தியும் கை நீட்டவில்லை.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கத்தினார்.

"ஒரு முடிச்சு ஒழுங்காப் போடத் தெரியாதா ஒனக்கு? பத்து வருசமாப் போட்டுக்கிட்டுத்தானே இருக்கே?"

"வெரல்ல பிடி நிக்க மாட்டேங்குதுங்க. இறுக்குனா வலி உசுரு போகுது."

"நேத்து மத்தியானம் உரலைக் கட்டிக்கிட்டு மாவு ஆட்டுனியே, அப்ப பிடி நின்னுச்சா? சோம்பேறித்தனத்துக்கு ஒரு பேரு வேணும், அம்புட்டுத்தான்."

அதன் பிறகு பிரகதாம்பாள் தன் கையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. முடிச்சுகளும் அவிழவில்லை. சில நேரம் சரத்தைப் பிரிக்கும்போது நூல் நுனி நைந்து, கடித்தது போல இருப்பதை ரெங்கராஜ் பார்த்திருக்கிறார். எலி கடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். விரலால் இறுக்க முடியாத முடிச்சைப் பிரகதாம்பாள் பல்லால் இறுக்கிக்கொண்டிருந்தாள்.

இப்படி ஒன்றேகால் வருஷம் ஓடியது.

1937 பொங்கலுக்குத் திருச்சியிலிருந்து புதுச் சரக்கு வந்தது. மயில்கழுத்து நிறத்தில் பொன்பொடி தூவிய வளையல்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் முதல் டஜன் வீட்டுக்காரிக்கு என்று ஒரு வழக்கம் வைத்திருந்தார். கொடுத்துவிடுவார், அவளே போட்டுக்கொள்வாள். அந்த வருஷம் அவள் வாங்கி மாடத்தில் வைத்துவிட்டாள். மறுநாளும் அங்கேயே இருந்தது.

"என்ன, பிடிக்கலையா?"

"பெறகு போட்டுக்கறேன்."

"நல்ல நாளும் அதுவுமா பெறகென்ன பெறகு? இங்கிட்டு வா, நானே போட்டு விடுறேன்."

அவள் தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தாள். ரெங்கராஜ் எப்போதும் போலக் கையைப் பிடித்து விரல்களைக் குவித்தார். பிரகதாம்பாள் "அய்யோ" என்று கையை இழுத்துக்கொண்டாள். மறுபடி மெதுவாகப் பிடித்தார். அவளுக்கு ரெண்டே கால். கல்யாணத்தன்று அவர் போட்ட அளவு. இப்போது வளையல் முட்டிகளில் போய் முட்டி நின்றது. மணிக்கட்டோ முன்னைவிட மெலிந்து, எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கை பருத்த பெண்ணுக்கு எல்லாமே பருக்கும். இங்கே முட்டி மட்டும் வீங்கிக் கிடந்தது. விரல் அடி முட்டிகளைத் தொட்டுப் பார்த்தார். அடுப்பிலிருந்து இறக்கி நேரமான பாத்திரம் போல இளஞ்சூடாக இருந்தது. அழுத்தினால் பிசைந்த மாவு போல உள்ளே போனது. மறு கையை வாங்கிப் பார்த்தார். அதே இடம், அதே வீக்கம். நான்கு விரல்களும் சுண்டுவிரல் பக்கமாக லேசாகச் சாய ஆரம்பித்திருந்தன.

ஆயிரக்கணக்கான கைகளைப் பிடித்த மனிதர். வளையலைக் கீழே வைத்தார்.

"இது எப்ப இருந்து?"

"அப்பவே சொன்னேனே" என்றாள் பிரகதாம்பாள். கோபமாகச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலாகச் சொன்னாள்.

உள்ளூர் வைத்தியர், வாதநாராயண மரத்தின் இலையில் எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார். முடக்கத்தான் கீரையைத் தோசைக்கு அரைக்கச் சொன்னார். கொஞ்சம் இதமாக இருந்தது, வீக்கம் வடியவில்லை. மாசி பிறந்ததும் ரெங்கராஜ் மனைவியை பஸ்ஸில் ஏற்றிப் புதுக்கோட்டைக்கு அழைத்துப்போனார். அங்கே டாக்டர் அடைக்கலம் என்று ஒருவர் இருந்தார். தஞ்சாவூர்க்காரர், அதிகம் பேசமாட்டார். பிரகதாம்பாளின் விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பாதத்தையும் பார்த்தார்.

"எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டாவது வருசங்க" என்றாள்.

"ஏம்மா இத்தனை நாள் வரலை?"

ரெங்கராஜ் தலையைக் குனிந்துகொண்டார். பிரகதாம்பாள் சுவரைப் பார்த்தபடி, "நாந்தான் சோம்பல்னு நெனைச்சுக்கிட்டு இருந்துட்டேங்க" என்றாள்.

அவர் திட்டிய வார்த்தையை அவள் தன் வார்த்தையாக்கிச் சொன்னது ரெங்கராஜுக்கு அறை வாங்கியது போல இருந்தது. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வெளியே வந்தவர், அவளை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டுத் திரும்பவும் உள்ளே போனார்.

"அய்யா, ஒரு வார்த்தை. இதுக்கு என்ன பேருங்க?"

"கீல்வாதம். முடக்குவாதம்னும் சொல்வாங்க. வலியைக் குறைக்கலாம். வளைஞ்ச விரல் இனிமே நேராகாது. அதுக்கு மேல வளையாமப் பாத்துக்கணும்."

"மொதல்லயே எப்படிங்க தெரிஞ்சுக்கறது? மத்தியானத்துல நல்லா இருந்தாங்க அய்யா. அதான் நான்…"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதுதான்யா அடையாளமே. வேலை செஞ்சு வந்த வலின்னா ஓய்வெடுத்தா குறையும். இது ஓய்வெடுத்தா இறுகும். ராத்திரி முழுக்க அசையாமக் கிடந்துட்டு விடிஞ்சதும் கை கட்டை மாதிரி இருக்கும். ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம் ஆனாத்தான் இளகும். வயசாகி வர்ற தேய்மானத்துல கால் மணி, அரை மணியிலே சரியாயிடும். இன்னொண்ணு, இது ஒரு கையோட நிக்காது. வலக்கையிலே எந்த முட்டியோ இடக்கையிலும் அதே முட்டி. விரல் அடியிலேயும் நடுவிலேயும் வரும், நுனியிலே அநேகமா வராது. தொட்டாச் சூடா, மெத்துனு இருக்கும். கூடவே ஒரு அசதி, பசியின்மை, சாயங்காலம் லேசாக் காய்ச்சல். ஆறு வாரத்துக்கு மேல இப்படி இருந்தா, குளிர்னும் சூடுன்னும் சொல்லிக்கிட்டு இருக்காம வந்துடணும்."

ரெங்கராஜுக்கு எழுதப் படிக்க அவ்வளவாக வராது. அளவுகளை மனதில் வைத்துப் பழகியவர். டாக்டர் சொன்னதையும் அப்படியே மனதில் வைத்துக்கொண்டார். பஸ்ஸில் வரும்போது ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். காலையில் கக்கத்துக்குள் வைத்த கைகள். பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவது. சாயங்காலம் நெற்றி சுடுகிறது என்று ஒரு நாள் சொன்னது. டாக்டர் சொன்னதில் ஒன்றுகூட அவர் வீட்டில் நடக்காமல் இல்லை. எல்லாம் அவர் கண் முன்னால்தான் நடந்தது.

அடுத்த நாளிலிருந்து விடியுமுன் கிணற்றுக்குக் குடத்தோடு போனது ரெங்கராஜ். பெண்கள் விலகி நின்று சிரித்தார்கள். அடுப்பு மூட்டி, வெந்நீர் காய வைத்து, அகலப் பாத்திரத்தில் ஊற்றி மனைவியின் முன்னால் வைப்பார். அவள் கைகளை அதில் அமிழ்த்தி, விரல்களை மெல்ல மெல்ல மடக்கிப் பழக்குவாள். ஒரு நாள் அவர், "என்னய ஏசிடு, பிரகதா. மனசுல வச்சுக்கிட்டு இருக்காதே" என்றார்.

"ஏசுனா கை நேராயிடுமா?" என்றாள் அவள். விரல்களை மடக்கியபடியே, "வலிச்சது பெருசில்ல. பொய் சொல்றேன்னு நெனைச்சீங்க பாருங்க, அதுதான் தாங்கல" என்றாள்.

அவர் வெந்நீர் ஆறுவதற்குள் இன்னொரு செம்பு ஊற்றினார்.

நான்கு வருஷம் கழிந்தது. உலகச் சண்டை ஆரம்பித்து வெளிநாட்டு வளையல் வரத்துக் குறைந்திருந்த காலம். 1941 ஆடிப்பெருக்குக்கு முன்னால், காரையூருக்கு உள்ளே ஒரு சிற்றூரில் சின்னப்பிள்ளை என்ற விவசாயப் பெண்ணின் வீட்டு முற்றத்தில் ரெங்கராஜ் சரங்களை இறக்கினார். சின்னப்பிள்ளை விதவை. ஒற்றை ஆளாக நின்று கடலைக் கொல்லையும் ரெண்டு ஏர் மாடும் காப்பாற்றி, மகன் நல்லதம்பியை வளர்த்தவள். மருமகள் சொர்ணவல்லிக்கு இருபது வயது. கல்யாணத்துக்கு வளையல் போட்டது ரெங்கராஜ்தான். ஒரு வருஷம்தான் ஆகிறது. அளவு அவருக்கு நினைவிருந்தது.

"வா தாயி, கையைக் குடு" என்றார்.

சொர்ணவல்லி நீட்டினாள். பிடித்த நொடியே அவருக்குத் தெரிந்துவிட்டது. முட்டிகளில் அந்த இளஞ்சூடு. மெத்தென்று உள்வாங்கும் அந்த வீக்கம். மணிக்கட்டு மெலிந்திருந்தது. வளையலைப் போடாமல் மறு கையையும் வாங்கிப் பார்த்தார்.

"என்ன வளையக்காரரே, கையைப் பாத்துக்கிட்டே இருக்கீங்க? ரேகை பாக்குறீங்களா?" என்றாள் சின்னப்பிள்ளை. "அந்தக் கைக்கு வளையல் ஒண்ணுதான் கொறச்சல். விடிஞ்சா எந்திரிக்க மாட்டா. மாட்டுக் கொட்டகையைக் கூட்டச் சொன்னா தொடப்பத்தைப் பிடிக்க முடியலேம்பா. பொழுது ஏறுனதும் பாருங்க, ஒரு வலியும் இருக்காது. எல்லாம் நடிப்பு. ஆடி கழியட்டும், அவ அப்பன் வீட்டுல கொண்டு போய் விட்டுடுறேன்."

சொர்ணவல்லி தலை நிமிரவில்லை. ரெங்கராஜ் பெரிய அளவில் நாலு வளையல் மட்டும் எடுத்து, முட்டியில் படாமல் நழுவவிட்டார். "எத்தனை நாளா, தாயி?" என்று தணிந்த குரலில் கேட்டார்.

"சித்திரையிலேருந்து" என்றாள் அவளும் தணிந்த குரலில். "பாதமும் வலிக்குது. யாருகிட்டயும் சொல்லாதீங்க."

அவர் சொல்லவில்லை. சரங்களைத் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஆனால் கால் நடக்கவில்லை. இன்னும் விரல் சாயவில்லை. நாலு மாதம்தான் ஆகிறது. சொன்னால் காப்பாற்றலாம். சொன்னால், நோயாளிப் பெண்ணைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று சின்னப்பிள்ளை இன்றைக்கே அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடலாம். சோம்பேறி என்று பேர் வாங்கிய பெண்ணாவது ஒரு நாள் புகுந்த வீட்டுக்குத் திரும்பலாம். முடம் என்று பேர் வாங்கினால்? அதோடு, நல்ல காரியத்துக்கு வீட்டுக்குள் அழைக்கப்படுகிற வளையல்காரன் வாயில் நோய் என்ற சொல் வரலாமா?

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பிரகதாம்பாளிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு புருசன் என்ன சொல்றான்?"

"ஆத்தா பேச்சுக்கு மறுபேச்சுப் பேசாத பய. அவன்கிட்ட சொல்லிப் பிரயோசனம் இல்ல."

"அப்ப அந்த அம்மாகிட்டத்தான் சொல்லணும். நீங்க சொன்னா சண்டைக்கு வரும். நான் வாரேன்."

ரெங்கராஜ் அவள் கைகளைப் பார்த்தார். அவள் வெளியில் போவதே குறைந்துவிட்ட காலம் அது. நாலு பேர் முன்னால் முந்தானைக்குள் கைகளை மறைத்துக்கொள்வாள்.

"வேணாம்மா. ஒன்னய வேடிக்கை பாப்பாங்க."

"பாக்கட்டும். அவுக பாக்கணும்னுதானே வாரேன்."

இரண்டு நாள் கழித்துக் கடலை மூட்டை ஏற்றக் காரையூருக்குப் போன ஒரு மாட்டு வண்டியில் இருவரும் போனார்கள். சின்னப்பிள்ளை முற்றத்தில் வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். பிரகதாம்பாள் அவளுக்கு எதிரில் உட்கார்ந்து, எந்த முகவுரையும் இல்லாமல் இரண்டு கைகளையும் முந்தானையிலிருந்து எடுத்து முறத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

சின்னப்பிள்ளை முறத்தைக் கீழே போட்டுவிட்டாள். "அடி ஆத்தீ. என்னம்மா இது?"

"எனக்கும் நல்ல கையாத்தான் இருந்துச்சு ஆத்தா. காலையில மடங்காது, மத்தியானத்துல சரியாப் போயிடும். நடிப்புன்னு சொன்னாங்க."

"யாரு சொன்னது? மாமியாளா?"

"மாமியா இல்ல. இந்தா நிக்கிறாகளே, இவுகதான்."

முற்றத்தில் இருந்த மூன்று நான்கு பெண்களும் ரெங்கராஜைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தோள் சரங்களை இறக்காமல் வேப்பமரத்தடியில் நின்றார். ஏதாவது சொல்லித் தன்னைக் காத்துக்கொண்டிருக்கலாம். "ஆமா ஆத்தா, நாந்தான் சொன்னேன். அன்னைக்குக் கையைத் தொட்டுப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும். பாக்கல" என்றார்.

சின்னப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. முகம் சிவந்தது. "ஓகோ, அதுக்குத்தான் வந்தீகளா? சீக்காளியை என் தலையில கட்டுனதைச் சொல்லிட்டுப் போக வந்தீகளா? என் மகன் ஒத்தப் பய. அவன் குடும்பம் தழைக்கணும்."

வாசற்படிக்கு உள்ளே சொர்ணவல்லி கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரிந்தது.

"கோவப்படாதீங்க" என்றாள் பிரகதாம்பாள். "நான் டாக்டர் இல்ல. அது இதுதான்னு நான் எப்படிச் சொல்வேன்? ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. நாளைக்கு விடிஞ்சதும் அவளை எழுப்பும்போது ஏசாதீங்க. பக்கத்துல உக்காந்து ரெண்டு கையையும் தொட்டுப் பாருங்க. சூடா இருக்கான்னு பாருங்க. விரலை மடக்கச் சொல்லி, மடங்க எம்புட்டு நேரமாகுதுன்னு பாருங்க. நடிப்பாத் தெரிஞ்சா நீங்க என்ன வேணும்னாலும் செய்ங்க. நோவாத் தெரிஞ்சா, இப்பவே வைத்தியம் பாத்தா கை தப்பும். கையிருந்தா ஒங்க வீட்டு வேலைதானே நடக்கும்?"

சின்னப்பிள்ளை வந்தவர்களுக்கு மோர் கொடுக்கச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தாள். சொர்ணவல்லி செம்பை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து, விரல்படாமல் ஏந்திக்கொண்டு வந்தாள். அதை இத்தனை நாள் ஒரு கள்ளத்தனமாக மட்டுமே பார்த்திருந்த சின்னப்பிள்ளை, அன்றைக்குக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை என்ன நடந்தது என்று சொர்ணவல்லி பிற்பாடு பிரகதாம்பாளிடம் சொன்னாள். விடிந்தபோது மாமியார் பாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஏசவில்லை. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "மடக்கு" என்றாள். அரைவாசிகூட மடங்கவில்லை. கொல்லையில் மாடு கத்தியது; நல்லதம்பி இரண்டு முறை கூப்பிட்டான். சின்னப்பிள்ளை எழவில்லை. வெயில் கூரை விளிம்பிலிருந்து இறங்கி முற்றத்துத் துளசிச் செடி வரை வந்தபோதுதான் விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டது. அதுவரை கையை விடாமல் உட்கார்ந்திருந்த சின்னப்பிள்ளை, "எந்திரி, சீலையை மாத்து" என்று மட்டும் சொன்னாளாம். சொர்ணவல்லி பிறந்த வீட்டுக்குத்தான் என்று நினைத்து அழுதுகொண்டே மாற்றியிருக்கிறாள். ரோட்டுக்கு வந்து, கிழக்கே போகிற புதுக்கோட்டை பஸ்ஸைக் கை காட்டி மாமியார் நிறுத்திய பிறகுதான் அழுகை நின்றதாம்.

டாக்டர் அடைக்கலம் அவளுக்கும் அதே பேரைத்தான் சொன்னார். ஆனால் "நல்ல நேரத்துல வந்தீங்க" என்றும் சொன்னார். சோறு சாப்பிட்ட பிறகு குடிக்க ஒரு கலவை மருந்து கொடுத்தார். காதில் ரீங்காரம் கேட்டால் அளவைக் குறைக்கச் சொன்னார். வீக்கம் இருக்கிற நாட்களில் உலக்கையும் திரிகையும் தொடக்கூடாது. படுக்கும்போது கைகளைத் தட்டையான சிறு பலகையில் வைத்துத் துணி சுற்றிக்கொள்ள வேண்டும். வீக்கம் வடிந்த நாட்களில் சும்மா இருக்கக்கூடாது. வெந்நீரில் விரல்களை மடக்கி நீட்ட வேண்டும். இது அடியோடு போய்விடும் என்று நம்பவேண்டாம், வரும் போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

சின்னப்பிள்ளை நல்ல மாமியாராக மாறிவிட்டாள் என்று சொல்ல முடியாது. வாய் அப்படியேதான் இருந்தது. ஆனால் வேலைகளை மாற்றிப் போட்டாள். காலை வேலை தனக்கு, வெயில் ஏறிய பின் உள்ள வேலை மருமகளுக்கு. அக்கம்பக்கத்தில் யாராவது "மருமகளை மெத்தையில வச்சிருக்கியாக்கும்" என்று கேட்டால், "ஒன் கையை வச்சுக்கிட்டு ஒன் வேலையைப் பாருடி" என்று பாய்வாள். அடுத்த வருஷம் சொர்ணவல்லி உண்டானாள். அந்த மாதங்களில் வலி முழுக்க மறைந்துவிட்டது. பிள்ளை வரம் கொடுத்த அம்மன், நோயையும் எடுத்துக்கொண்டாள் என்று எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். பிள்ளைக்கு மூன்று மாதம் ஆனபோது வலி திரும்ப வந்தது. பிள்ளையைத் தூக்க முடியாமல் அவள் தவித்த நாட்களில் நல்லதம்பி, ஊரார் சிரிப்பைப் பொருட்படுத்தாமல் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். ஐந்தாவது மாதம் தணிந்தது.

இந்தச் செய்தி ஊர்விட்டு ஊர் பரவியது. ரெங்கராஜ் போகிற இடங்களில் சில பெண்கள் வளையலுக்கு அல்லாமல் வெறும் கையை நீட்ட ஆரம்பித்தார்கள். அவருக்கு அது பிடித்தும் இருந்தது, பயமாகவும் இருந்தது. தப்பாகவும் சொல்லியிருக்கிறார். ஒலியமங்கலத்தில் ஒருத்திக்குப் பெரிய நோய் என்று பதறிப் புதுக்கோட்டைக்கு அனுப்ப, அங்கே விரலிலிருந்து ஒரு கருவேல முள்ளை எடுத்து அனுப்பிவிட்டார்கள். அதிலிருந்து "இதுன்னு நான் சொல்ல மாட்டேன் தாயி, ஆனா டாக்டர்கிட்ட காட்டிடு" என்பதோடு நிறுத்திக்கொண்டார். மறவாமதுரையில் இரண்டு வீடுகளில், நோவு பார்க்கிற ஆள் சுபகாரியத்துக்கு வேண்டாம் என்று வேறு வளையல்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் வருத்தப்பட்டார், ஆனால் கை பார்ப்பதை விடவில்லை. ஐந்து வருஷத்தில் உண்மையாகவே அந்த நோய் இருந்தது மூன்று பேருக்கு. அந்த மூன்று பேரையும் விரல் சாயுமுன் அனுப்பிவிட்டார்.

பிரகதாம்பாளின் விரல்கள் திரும்ப நேராகவில்லை. பிற்பாடு முழங்காலுக்கும் வந்தது. வளையல் கோப்பது ரெங்கராஜ் வேலையாயிற்று. அவள் அளவும் நிறமும் சொல்ல, அவர் கோப்பார். முடிச்சு சரியில்லை என்று அவள் குறை சொல்வாள். ஒரு நாள் அதற்கு இருவருமே சிரித்துவிட்டார்கள்.

1946ஆம் வருஷம் தை மாதம் ரெங்கராஜ் அந்தச் சிற்றூருக்குப் போனபோது சின்னப்பிள்ளை மட்டும் முற்றத்தில் இருந்தாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"சொர்ணம் எங்க ஆத்தா?"

"கேளுங்க அந்தக் கதையை. முந்தாநாள் காலையில எந்திரிச்சு ரெண்டு கையையும் பாத்திருக்கா. என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல, அவன்கிட்டயும் இல்ல. புள்ளையை எம் மடியில போட்டுட்டு, 'ஆறு மணிக்கு மடக்குனேன், எட்டு மணிக்குத்தான் மடங்குச்சு, இது பழையதுதான்'ன்னு சொல்லிட்டு, பஸ் ஏறி ஒத்தையில புதுக்கோட்டைக்குப் போயிட்டா. மருந்தோட சாயங்காலம் வந்து நிக்குறா. ஏண்டி, சொல்லிட்டுப் போனா என்னடின்னு கேட்டேன். 'நாலு பேருகிட்ட சொல்லி நம்ப வைக்கறதுக்குள்ள நாலு வாரம் போயிடும் அத்தே'ங்குறா. எம்புட்டுத் துணிச்சல் பாருங்க."

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்பவா? வடிஞ்சுக்கிட்டு வருது. அங்கிட்டுக் கொல்லையில கடலை ஆயுறா" என்ற சின்னப்பிள்ளை, எழுந்து கொல்லைப் பக்கம் திரும்பி, "ஏ சொர்ணம், வளையக்காரர் வந்திருக்காரு. அவசரமில்ல, மெதுவா வா" என்று குரல் கொடுத்தாள்.